நாலாவது போல்ட்டு

பிரேக்கை மிதித்தபோது அமுதவள்ளியின் உடம்பு பின்னால் போனது. கால் பெடலை விட்டு எழும்பியது. கண்ணாடிக்கு முன்னால் தெரிந்த மண்பாதை சட்டென்று மறைந்து, ஜீப்பின் தார்ப்பாய்க் கூரை தெரிந்தது. சீட்டு அவளையும் சேர்த்துக்கொண்டு ஒரு பக்கமாக மல்லாந்துகொண்டிருந்தது.

ஸ்டியரிங்கை மட்டும் அவள் விடவில்லை. அதையே பிடித்து இழுத்து, சீட்டை விட்டு எழுந்து நின்று, இரண்டு காலையும் பிரேக்கின் மேல் வைத்து அழுத்தினாள். ஜீப்பு ஈரச் செம்மண்ணில் சறுக்கியது. வளைவில் திரும்பாமல் நேரே போய், ஓரத்தில் நின்ற கல்யாணமுருங்கை மரத்தில் மோதி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. மரத்துக்கு அந்தப்பக்கம் மேகம்தான் இருந்தது. மேகத்துக்கு அடியில் எவ்வளவு பள்ளம் என்பது அந்தப் பாதையில் தினமும் போய்வருகிற எல்லோருக்கும் தெரியும்.

பின்னால் இருந்த பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து கிடந்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்தினால் ஜீப்பு நகர்ந்துவிடும் என்று பயந்தவர்கள் மாதிரி, மூச்சைக்கூட மெதுவாக விட்டார்கள். அமுதவள்ளி கியரைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, எல்லோரையும் பின்பக்கமாக ஒவ்வொருவராக இறங்கச் சொன்னாள். கடைசி ஆள் இறங்கியதும் சக்கரங்களுக்கு அடியில் கல்லைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

ராசிங்காபுரத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளில் பெண் ஓட்டுகிற ஜீப்பு அவளுடையது ஒன்றுதான். அவள் புருசன் ராஜாராம்தான் முன்பு ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகுத்தண்டில் வலி வந்து மலைப்பாதையின் குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், இப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் சோலிக்குப் போகிறான். ஜீப்பு சும்மா நிற்க வேண்டாமென்று அமுதவள்ளி எடுத்தாள். முதல் மாதம் அவள் ஜீப்பில் ஏறப் பலரும் தயங்கினார்கள். பிறகு, குடிக்காத டிரைவர், வெரட்டாத டிரைவர் என்று பெயர் வாங்கினாள்.

அவளுடைய குறை ஒன்றே ஒன்று, உயரம். ராஜாராமின் கால் நீளத்துக்கு இருந்த சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குப் பெடல் எட்டாது. போடியில் பட்டறை வைத்திருக்கும் மொக்கச்சாமி சீட்டை ஒரு சாண் முன்னால் தள்ளிப் பூட்டிக்கொடுத்தான். புது இடத்தில் தரைக்கு அடியில் இருந்தது மூடின பெட்டி மாதிரியான சட்டம். அதற்குள் கையை விட்டு நட்டைப் பிடிக்க வழியில்லை. பக்கத்திலேயே டீசல் டேங்க் இருந்ததால் வெல்டு வைக்கவும் முடியாது. அதனால் அவன் நாலு மூலையிலும் ரிவெட் நட்டு போட்டான். பார்க்கச் சின்னக் குழாய் மாதிரி இருக்கும். உள்ளே மரை, மேலே விளிம்பு. தகட்டில் ஓட்டை போட்டு அதை இறக்கி, அதற்கென்று இருக்கிற, கன்னு என்கிற கைக்கருவியை வைத்து இழுத்தால், குழாயின் கீழ்ப்பாதி மடிந்து பிதுங்கித் தகட்டை அடியிலிருந்து கவ்விக்கொள்ளும். பிறகு மேலிருந்தே போல்ட்டை முடுக்கிவிடலாம்.

இப்போது முன்பக்க இடது மூலையில் அந்தக் கவ்வல் விட்டுப்போயிருந்தது. போல்ட்டு, ரிவெட் நட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அது இருந்த ஓட்டையின் விளிம்பு லேசாக மேல்நோக்கிப் பிளந்திருந்தது. பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை ஓங்கி மிதித்தால், முதுகு சீட்டைப் பின்னால் தள்ளும். சீட்டின் முன்னங்கால்கள் மேலே எழும்பப் பார்க்கும். எத்தனை நாளாக அந்த மூலை தளர்ந்துகொண்டே வந்ததோ தெரியவில்லை.

அன்றைக்குத் தோட்டத்தில் காய் நிறுத்து முடிய நேரமாகிவிட்டது. மத்த ஜீப்புகள் முன்னாலேயே இறங்கிவிட்டன. பஸ் போகிற மெட்டு ரோட்டுக்குப் போய்ச்சேரும் இந்தக் காட்டுப்பாதையில் இனி எந்த வண்டியும் வராது. செல்போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது. ராஜாராமுக்குப் போட்டாள். அவன் குரல் ஒருதரம் கேட்டது, அதோடு அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டும் கிடைக்கவில்லை.

அவள் ஜீப்பைப் பின்னால் எடுத்துப் பார்த்தாள். மரத்திலிருந்து விடுபட்டு ஜீப்பு பாதைக்கு வந்தது. ரெண்டு பெண்கள் பின்னால் நின்று சீட்டை முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. கொஞ்ச தூரம் உருட்டி பிரேக்கை மிதித்ததும் சீட்டு அவர்கள் கையை மீறிப் பின்னால் சாய்ந்தது. இந்தத்தடவை அவள் தயாராக இருந்ததால் ஜீப்பு நின்றது. ஆனால் கீழே இன்னும் செங்குத்தான வளைவுகள் இருந்தன. ஆட்களை வைத்துக்கொண்டு இப்படி இறங்க முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள்.

நடந்துவிடலாம் என்று ஜக்கம்மாள் சொன்னாள். கூட்டத்தில் வயதில் மூத்தவள் அவள்தான். பல பேர் அதற்குச் சரி என்றார்கள். ஆனால் எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். காலையில் டிரைவர்களின் வாட்ஸப்பில் வந்த சேதி எல்லோருக்கும் தெரியும். கீழே சதுப்பில் ஒத்தக்கொம்பன் நிற்கிறான், யாரும் தனியாக நடக்க வேண்டாம் என்று வனத்துறை சொல்லியிருந்தது. ஒரு கொம்பு முறிந்த அந்த ஆனை போன மழைக்காலத்தில் காட்டுக் காவலுக்கு இருந்த ஒரு வாட்சரைப் பாதையிலேயே மடக்கியது. அந்த ஆள் செத்துப்போனான். நடக்க வேண்டிய பாதை அந்தச் சதுப்பை ஒட்டித்தான் போனது. திரும்பித் தோட்டத்துக்கு ஏறலாமென்றால் ஸ்டோரைப் பூட்டிவிட்டு எல்லோரும் போயிருப்பார்கள், அதற்குள் இருட்டிவிடும்.

அப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் கீழே ஏலக்காட்டுக்குள் ஒரு கிளை முறிந்தது. அவசரமில்லாமல், சாவகாசமாக, யாரோ கரும்பை ஒடிப்பது மாதிரி. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

பெண்கள் எல்லோரும் ஜீப்பை ஒட்டி வந்து நின்றுகொண்டார்கள். காற்று கீழிருந்து மேலே வீசியது. அதில் நாற்றம் இருந்தது. நனைந்த மாட்டுக்கொட்டகை மாதிரி, அதைவிடக் கனமாக. ஆனை இங்கே வந்தால் ஓட இடமில்லை. ஒரு பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் பள்ளம். ஜீப்புக்குள் உட்கார்ந்தால் அது ஜீப்போடு சேர்த்துத் தள்ளிவிடும். இத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்தது தான்தானே என்று அமுதவள்ளி நினைத்தாள்.

டூல்ஸ் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்பானர்கள், கட்டுக்கம்பி, பழைய வாசர்கள், ஒரு வட்ட அரம், ஒரு பாலிதீன் பையில் ரெண்டு ரிவெட் நட்டுகள். மொக்கச்சாமி சீட்டைப் பூட்டிய அன்று, ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டேன், கிடக்கட்டும் என்று ராஜாராமிடம் கொடுத்தவை. அவள் அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கன்னு இருந்தால் போட்டுவிடலாம். கன்னு போடியில் இருக்கிறது. இதை அவள் வாய்விட்டே சொன்னாள்.

"கன்னு இல்லாமலும் போடலாம்."

சொன்னவள் கற்பகம். அவ்வளவு நேரமும் மண்சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றவள். அவள் தங்கச்சி போன ஜீப்பு சில வருசங்களுக்கு முன்னால் இதே மலையில் கவிழ்ந்து, தங்கச்சி உயிரோடு திரும்பவில்லை. அதிலிருந்து கற்பகம் ஜீப்பில் ஏறினால் இறங்கும்வரை பேசமாட்டாள். கம்பியைப் பிடித்த கையை எடுக்கமாட்டாள். வேறு வேலை கிடைக்காததால் வருகிறாள்.

"எப்படிக்கா?" என்றாள் அமுதவள்ளி.

"கோயமுத்தூர்ல கரண்டு பெட்டி செய்யிற கம்பெனில இருந்தேன்ல. அங்க கன்னு மக்கர் பண்ணுனா, போல்ட்டையும் நட்டையும் வச்சே இழுத்திருவோம்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நீ பூட்டிருவ. பூட்டுனா திரும்ப இதுல ஏறணும்ல," என்றாள் கற்பகம். பிறகு அவளே வந்து ஜீப்புக்குள் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

சீட்டின் மற்ற மூன்று போல்ட்டுகளையும் கழற்றிச் சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார்கள். பெரிய ரிவெட் நட்டு பழைய ஓட்டைக்குள் போகவில்லை. அரத்தால் விளிம்பை ராவ வேண்டியிருந்தது. பிளந்து நின்ற பிசிரையும் அதே ராவலில் எடுத்துவிடலாம் என்றாள் கற்பகம். ஆனால் அதிகம் ராவினால் நட்டு லொடலொடவென்று நிற்கும், பிறகு எதுவும் பிடிக்காது. அமுதவள்ளி ராவினாள். இரும்பின் கிறீச்சல் அந்த அமைதியில் ஊரையே கூப்பிடுவது மாதிரி இருந்தது. ரெண்டு இழுப்பு, பிறகு நிறுத்திக் காது கொடுப்பது. கீழே கிளை முறிகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. முறிந்தபோது இருந்த பயத்தைவிட அது நின்றபோது வந்த பயம் பெரிதாக இருந்தது. இருக்கிற இடமாவது அப்போது தெரிந்தது.

ஸ்டெப்னி மாட்டியிருந்த இரும்பிலிருந்து அந்த அளவுக்குப் பொருத்தமான போல்ட்டையும் நட்டையும் கழற்றி வந்தார்கள். ஸ்டெப்னியைத் தூக்கி ஜீப்புக்குள் போட்டுக்கொண்டார்கள். கற்பகம் போல்ட்டில் நட்டைத் தலைவரை ஏற்றினாள். அதற்குக் கீழே ரெண்டு வாசர். வாசருக்கு நடுவே கிரீஸ் வேண்டுமென்றாள். ஜீப்புக்கு அடியில் பட்டை ஸ்பிரிங்கின் முனையில் இருந்ததை அமுதவள்ளி விரலால் வழித்துக் கொடுத்தாள். கடைசியில் ரிவெட் நட்டைப் போல்ட்டின் நுனியில் முழுக்கத் திருகி, மொத்தத்தையும் ஓட்டையில் இறக்கினாள்.

போல்ட்டின் தலையை ஒருவர் ஆடாமல் பிடிக்க வேண்டும். இன்னொருவர் நட்டை மட்டும் கீழ்நோக்கி முடுக்க வேண்டும். நட்டு வாசரை அழுத்தும்போது போல்ட்டு மேலே வரப் பார்க்கும். அது தன்னோடு ரிவெட் நட்டின் அடிப்பகுதியையும் இழுக்கும். இழுபட்ட குழாய் தகட்டுக்கு அடியில் மடியும். இப்படித்தான் கற்பகம் விளக்கினாள்.

முதல் ரிவெட் நட்டு வீணாகிப்போனது. அமுதவள்ளிதான் முடுக்கினாள். முதலில் இளகலாக வந்தது, பிறகு கடினமாகியது. கடினமானால் நன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று அவள் இன்னொரு இழுப்பு இழுத்தாள். உள்ளே ஏதோ நறுக்கென்றது. ஸ்பானர் சும்மா சுற்றியது. மரை அறுந்துவிட்டது.

கற்பகம் திட்டவில்லை. அறுந்ததன் விளிம்பை ராவி, அதைச் சட்டத்துக்குள் தட்டிவிட்டு, பையிலிருந்த கடைசி ரிவெட் நட்டை எடுத்தாள். அது அமுதவள்ளியின் கைக்கு வந்தபோது அவள் விரல்கள் அதை நழுவவிட்டன. ஜீப்பின் தரையில் உருண்டு, பெடலுக்குப் பக்கத்து ஓட்டையை நோக்கிப் போனதை ஜக்கம்மாள் காலால் மறித்தாள்.

அந்த நேரத்தில்தான் அது பாதைக்கு ஏறியது. அவர்கள் இறங்கிவந்த வளைவில், மேலே, மண் சரிகிற சத்தம் கேட்டது. காட்டுக்குள்ளேயே சுற்றி அவர்களைத் தாண்டி மேலே போயிருந்தது. மேகத்துக்குள் மேகத்தைவிடக் கறுப்பாக ஒன்று நின்றது. காது அசைந்தபோதுதான் அது ஆனை என்று நிச்சயமானது. வயிற்றுக்குள் பாறை உருளுகிற மாதிரி ஒரு சத்தம் அதனிடமிருந்து வந்தது.

ஜக்கம்மாள் எல்லோரையும் சத்தமில்லாமல் ஜீப்புக்குள் ஏறச் சொல்லிக் கையால் காட்டினாள். ஏறினார்கள். கற்பகம் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதைப் பாக்காத. இதைப் பாரு," என்று அமுதவள்ளியின் காதருகே சொன்னாள். "நான் முடுக்குறேன். நீ தலையைப் பிடி. இறுகுறது உன் கைக்குத் தெரியும். தெரிஞ்சதும் சொல்லு."

அமுதவள்ளி ஸ்க்ரூ ஸ்பானரால் போல்ட்டின் தலையைக் கவ்விப் பிடித்தாள். கற்பகம் கால்சுற்று, கால்சுற்றாக நட்டைத் திருப்பினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இளகலாகப் போனது. அமுதவள்ளிக்கு முதுகெல்லாம் கண்ணாகிவிட்டது. மேலே மண் இன்னொருமுறை சரிந்தது. அது நடக்கிறதா, நிற்கிறதா? திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. கையில் இருந்த இரும்பு மெல்ல முறுக்கேறியது. ஒரு சுற்று முன்பு வரை பிடித்துவைத்திருந்தது போதுமாக இருந்தது; இப்போது அது அவள் மணிக்கட்டையும் சேர்த்துத் திருப்பப் பார்த்தது.

"போதும்க்கா," என்றாள்.

கற்பகம் அந்தக் கணமே ஸ்பானரை எடுத்துவிட்டாள். நட்டைத் தளர்த்தி, போல்ட்டை ரிவெட் நட்டிலிருந்து கழற்றினாள். விளிம்பு தகட்டோடு படிந்து உட்கார்ந்திருந்தது. விரலால் அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. அடியில் சரியாக மடிந்திருக்கிறதா, அரைகுறையாக நிற்கிறதா என்று பார்க்க யாராலும் முடியாது. நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கவும் நேரமில்லை.

சீட்டை வைத்துப் பூட்டினார்கள். சீட்டுக் காலில் இருந்த துளை நீளவாக்கில் வெட்டியது என்பதால் பெரிய போல்ட்டும் உள்ளே போனது. அமுதவள்ளி உட்கார்ந்து, சக்கரத்துக் கற்களை எடுக்கச் சொல்லி, எஞ்சினைக் கிளப்பினாள். கிளப்பிய சத்தத்துக்கு ஆனை பிளிறியது. பின்னால் யாரோ அழத்தொடங்கினார்கள். அவள் முதல் கியரில் போட்டு கைப்பிரேக்கை எடுத்தாள்.

ஆனை துரத்துகிறதா என்று கண்ணாடியில் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. முன்னால் இருந்த வளைவு அதைவிடப் பெரிய பயம். மிதித்தே ஆக வேண்டிய இடம் வந்தது. கால் போகவில்லை. உண்மையிலேயே கால் போகவில்லை. முழங்காலுக்குக் கீழே யாருடையதோ மாதிரி அது தொங்கியது. ஜீப்பு வேகம் பிடித்தது.

"மிதிடி," என்றாள் கற்பகம். அவள் முன்பக்கம் ஏறியிருந்தாள். இடக்கை எப்போதும்போலக் கம்பியைப் பிடித்திருக்க, வலக்கையை டிரைவர் சீட்டுக்கு அடியில் அந்த நாலாவது போல்ட்டின் மேல் வைத்திருந்தாள்.

அமுதவள்ளி மிதித்தாள். முதுகு சீட்டை அழுத்தியது. சீட்டு எழும்பவில்லை. ஜீப்பு முனகிக்கொண்டு வேகம் குறைந்து, வளைவில் திரும்பியது. அடுத்த வளைவிலும் திரும்பியது. ஒவ்வொரு தடவை மிதித்தபோதும் கற்பகம் தாழ்ந்த குரலில், "நிக்குது," என்று மட்டும் சொன்னாள்.

மெட்டு ரோட்டுக்கு வந்து டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்தியதும் எல்லோரும் இறங்கினார்கள். அமுதவள்ளி இறங்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. ராஜாராமுக்கு இப்போது போன் கிடைத்தது. அவன் பதற்றத்தோடு, மொக்கச்சாமியைக் கூட்டிக்கொண்டு மேலே வர்றேன், மிச்ச மலையை அவன் ஓட்டட்டும் என்றான். வேண்டாம், ஜீப்பு இங்கேயே நிற்கட்டும், எல்லோரும் பஸ்சில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டாள். ஆனை பின்னால் வந்ததா என்று ஜக்கம்மாளிடம் கேட்டாள். வரவில்லை, எஞ்சின் சத்தத்துக்குப் பிளிறிவிட்டு மேல்காட்டுக்குள் ஏறிப்போய்விட்டது என்றாள் ஜக்கம்மாள். அப்போதுதான் அமுதவள்ளிக்கு அழுகை வந்தது.

பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் அவள் வலதுகால் பஸ்சின் தரையை மிதித்தது. நிறுத்த முயன்றாள், முடியவில்லை. பக்கத்தில் கற்பகம் கிரீஸ் படிந்த கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, பார்த்தும் பார்க்காதவள் மாதிரி இருந்தாள்.

மறுநாள் மொக்கச்சாமி போய் ஜீப்பை இறக்கிவந்தான். பட்டறையில் கன்னை வைத்து இழுத்துச் சோதித்தான். கடப்பாரையால் நெம்பியும் பார்த்தான். கற்பகம் போட்டது வரவில்லை. அவன் போட்டிருந்த மற்ற மூன்றில் ஒன்று நெம்பியதும் எழும்பியது. அவன் முகம் சுருங்கிவிட்டது. தகடு மெலிசு, அதை நம்பியிருக்கக் கூடாது என்று தானாகவே ஒத்துக்கொண்டு, சட்டத்தின் மேல் கனத்த இரும்புப் பட்டை கொடுத்துப் புதிதாகப் பூட்டினான்.

அமுதவள்ளி ஒரு வாரம் ஜீப்பை எடுக்கவில்லை. எடுத்த அன்று, ராசிங்காபுரத்து நிறுத்தத்தில் பெண்கள் ஏறுமுன் இறங்கி நின்று, என்ன அறுந்தது, இப்போது என்ன செய்திருக்கிறது என்று சொன்னாள். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, வேறு ஜீப்பில் போகிறவர்கள் போகலாம், வருத்தப்படமாட்டேன் என்றும் சொன்னாள். நாலைந்து பேர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஜீப்புக்கு நடந்தார்கள். ஜக்கம்மாள் ஏறினாள். கற்பகம் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு முன்பக்கம் ஏறினாள்.

முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி மலை தொடங்கும் இடத்தில் அமுதவள்ளி ஓரமாக நிறுத்தி இறங்கினாள். ஸ்பானரை எடுத்து நாலு மூலையிலும் வைத்து இழுத்துப் பார்த்தாள். யாரும் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு ஏறி, ஜீப்பை மலையில் ஏற்றினாள்.